வருமுன் காத்தலும் இறைப்பராமரிப்பும்

அட்லாண்டிக் பெருங்கடலின் மேற்குக் கரையில் ஆண்டுதோறும் ஜூன் முதல் நாள் தொடங்கி நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம் என்று வகுத்திருக்கிறார்கள். கியூபா, போர்ட்டோ ரிக்கோ, புளோரிடா, லூசியானா, டெக்சஸ் என நீளும் அக்கரையோரங்களில், அக்காலம் பிறக்குமுன்னரே இல்லங்கள் தம்மை ஆயத்தப்படுத்திக் கொள்கின்றன. குடிநீரைச் சேர்த்து வைக்கிறார்கள். சன்னல்களுக்கு அளவெடுத்துப் பலகைகளை அறுத்து வைக்கிறார்கள். வெளியேற வேண்டி வந்தால் எவ்வழியே, எவர் வீட்டிற்கு என்பதை முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள். வானம் நீலமாயிருக்கும் நாளில், கடல் சாந்தமாயிருக்கும் வேளையில், இவையனைத்தும் நடைபெறுகின்றன.

இதனைக் காணும் பக்தியுள்ள உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. நாளையைப் பற்றிக் கவலைப்படாதிருக்க நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறதே. வானத்துப் பறவைகளுக்கு உணவளிப்பவர் நம்மைக் கைவிடுவாரோ? அப்படியிருக்க, வராத புயலுக்காக வீட்டை ஆயத்தம் செய்வது நம்பிக்கைக் குறைவின் அடையாளம் ஆகாதா? இக்கேள்வியை எளிதாகப் புறந்தள்ளிவிட முடியாது. ஏனெனில், இதற்கு நாம் அளிக்கும் விடையைப் பொறுத்தே ஒரு வீட்டிலுள்ள முதியவரும் குழந்தையும் பிழைப்பதும் பிழையாததும் அமையக்கூடும்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். கவலை வேறு, கவனம் வேறு. கவலை, நம் கைக்குள் அடங்காத ஒன்றை மனத்திற்குள் ஓயாமல் சுழற்றிக் கொண்டிருப்பது. கவனமோ, நம் கைக்குள் அடங்கியதை உரிய நேரத்தில் செய்து முடிப்பது. கவலைப்படுகிறவன் இரவெல்லாம் விழித்திருந்தும் காலையில் ஒன்றும் செய்திருக்க மாட்டான். கவனமுள்ளவன் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு உறங்கச் செல்வான். ஆண்டவர் மலைப்பொழிவில் விலக்கியது முன்னதை, பின்னதை அன்று. அதே மலைப்பொழிவின் முடிவில்தான், பாறைமீது வீடு கட்டியவனை அவர் அறிவாளி என்று பாராட்டுகிறார். மழையும் வெள்ளமும் காற்றும் அவ்விருவர் வீட்டையும் தாக்கின என்பதை நாம் மறத்தலாகாது. பக்தனின் வீட்டைச் சுற்றி வளைத்துச் செல்லும் புயல் எதுவும் இல்லை.

திருச்சபையின் அறநெறி மரபு இதனை இன்னும் நுட்பமாக எடுத்துரைக்கிறது. நான்கு தலையாய நற்பண்புகளுள் முதலாவதாக முன்மதி வைக்கப்பட்டுள்ளது. இலத்தீனில் முன்மதிக்கு வழங்கும் சொல்லும், இறைப்பராமரிப்புக்கு வழங்கும் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை; இரண்டும் 'முன்னோக்கிப் பார்த்தல்' என்ற பொருளையே அடியாகக் கொண்டவை. வருவதை முன்னறிந்து ஒழுங்கு செய்தலே முன்மதியின் தலைசிறந்த கூறு என்று புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் விளக்குகிறார். அங்ஙனமாயின், இறைவனது பராமரிப்பும் மனிதனது முன்மதியும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல. தம் பிள்ளைகள்மீது இறைவன் கொண்டுள்ள அக்கறையில் பங்குபெறுமாறு அவர் நமக்கு அருளிய திறனே முன்மதி. அத்திறனைப் பயன்படுத்தாமல், 'எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்' என்று கைகட்டி இருப்பது நம்பிக்கையாகாது. ஆலயத்தின் உச்சியிலிருந்து குதித்துக் காட்டுமாறு சோதிக்கப்பட்டபோது, ஆண்டவர் அதைக் கடவுளைச் சோதிக்கும் செயலென்றே மறுத்தார்.

இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் பணியால் விளக்கிய குரு ஒருவர் உண்டு. 1870-இல் கியூபாவின் ஹவானா நகரிலுள்ள பெலேன் கல்லூரியின் வானிலை ஆய்வகத்திற்குப் பொறுப்பேற்ற இயேசு சபைக் குரு பெனிட்டோ வீஞெஸ் அவர். வானின் உயரே மெல்லிய இறகுகள்போல் படரும் முகில்களின் திசையையும், காற்றழுத்தமானியின் ஏற்ற இறக்கத்தையும் நாள்தோறும் குறித்து வந்தார். சூறாவளி கடந்து சென்ற ஊர்களுக்கு நேரில் சென்று, மரங்கள் விழுந்து கிடந்த திசையையும் ஆராய்ந்தார். 1875 செப்டம்பர் 11 அன்று அவர் வெளியிட்ட எச்சரிக்கை, அச்சில் வந்த முதல் சூறாவளி முன்னறிவிப்பு என வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. 1893-இல் இறக்கும்வரை அவர் இப்பணியைத் தொடர்ந்தார். மன்றாட்டும் கணிப்பும் அவரிடத்தில் முரண்படவில்லை.

ஆனால் அறிவு இருந்தால் மட்டும் போதுமா? 1900-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள், அன்னையின் பிறப்புத் திருநாளன்று, டெக்சஸ் மாநிலத்தின் கால்வஸ்டன் தீவு நகரை அழித்த சூறாவளி இதற்கு விடை பகர்கிறது. அத்தீவின் மிக உயர்ந்த இடம் கடல்மட்டத்திற்கு மேல் 9 அடிக்கும் குறைவு. அன்று பொங்கிய கடலின் உயரமோ 15 அடிக்கும் மேல். இறந்தோர் 6,000 பேருக்குக் குறையார் என்றும், 8,000-க்கும் மிகுதி என்றும் கணக்கிடுகிறார்கள். அந்நகரின் வானிலை அதிகாரி ஐசக் கிளைன், 1891-இலேயே, கால்வஸ்டனுக்குச் சூறாவளியால் பெருந்தீங்கு நேரும் என்று அஞ்சுவது வீண் மயக்கம் என எழுதியிருந்தார். கடற்சுவர் கட்டப்படவில்லை. புயல் மெக்சிக்கோ வளைகுடாவுக்குள் நுழைகிறதென்று வீஞெஸ் அடிகளாரின் வழிவந்த கியூபா அறிஞர்கள் கணித்திருந்தனர்; ஆயினும் கியூபாவின் புயல் கணிப்புகள் தந்திவழி வருவதற்கே அமெரிக்க அதிகாரிகள் அப்போது தடை விதித்திருந்தனர். தாம் ஆண்ட நாட்டவரின் அறிவை ஏற்க மனம் இடந்தரவில்லை. அந்தப் புயலில் கிளைன் தம் கருவுற்ற மனைவியையே இழந்தார். கேட்கும் பணிவில்லாத இடத்தில் அறிவு பயனற்றுப் போகிறது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

அதே நகரின் கடற்கரையில் புனித மரியன்னை அநாதை இல்லம் இருந்தது. மனுவுருவான வார்த்தையின் அன்புச் சகோதரிகள் அதனை நடத்தி வந்தனர். மஞ்சள் காய்ச்சலிலிருந்து பிள்ளைகளைக் காப்பதற்காகவே, நகரின் நெரிசலைவிட்டு அக்கரையோரத்தை அவர்கள் தேர்ந்திருந்தனர். ஓர் ஆபத்திலிருந்து காக்கத் தேர்ந்த இடம் மற்றோர் ஆபத்துக்கு வாயிலாயிற்று. நீர் ஏற ஏற, சகோதரிகள் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் சென்று, அச்சம் தணியும்படி அன்னையின் பாடலைப் பாடச் செய்தனர். பின்னர் துணி உலர்த்தும் கயிற்றால் பிள்ளைகளைத் தம் இடைகளோடு பிணைத்துக் கொண்டனர். கட்டடம் சரிந்தது. 10 சகோதரிகளும் 90 பிள்ளைகளும் மாண்டனர். சிறுவர் மூவர் மட்டும் ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு பிழைத்தனர்.

அக்கயிற்றை எண்ணுந்தோறும் நம் நெஞ்சம் இரண்டு உண்மைகளை உணர்கிறது. மனித முன்னறிவுக்கு எல்லை உண்டு என்பது ஒன்று. அந்த எல்லையில் நின்றவர்களை எவரும் குறைகூறத் துணியார். காலம் தாழ்ந்தபின் அன்பின் கையில் எஞ்சுவது ஒரு கயிறு மட்டுமே என்பது மற்றொன்று. கால்வஸ்டன் மக்கள் 1902-இல் தொடங்கி 1904-க்குள் 17 அடி உயரத்தில் மூன்று மைல் நீளத்திற்குக் கடற்சுவர் எழுப்பினர். தரையையும் மண்கொட்டி உயர்த்தினர். 1915-இல் அதற்கு நிகரான சூறாவளி வந்தபோது நகரின் பெரும்பகுதி தப்பியது. முன்னரே செய்யப்பட்டிருந்தால், அதே அன்பு சுவராக நின்றிருக்கும்.

இனி, ஓர் இல்லம் செய்யத்தக்கது யாது என்று காண்போம். இச்சிறு செயல்கள் ஒவ்வொன்றிலும் ஓர் அறம் மறைந்திருப்பதைக் காணலாம். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வீதம் குறைந்தது மூன்று நாட்களுக்கான குடிநீர், சமைக்காமல் உண்ணக்கூடிய உணவு, நோயாளிகள் நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகள், கைவிளக்கு, மின்கலத்தால் இயங்கும் வானொலி, குடும்ப அட்டை, வீட்டுப் பத்திரம், ஞானஸ்நானச் சான்று முதலியவற்றை நனையாமல் காக்கும் உறை. இவை பெருஞ்செல்வம் வேண்டுவன அல்ல. ஆனால் ஒழுங்கு வேண்டுவன. வீட்டில் எவர் எம்மருந்தை உண்கிறார், எவருக்கு நடக்க இயலாது என்பதை அறியாத குடும்பத் தலைவர் இவற்றை ஆயத்தம் செய்ய இயலாது. ஆகவே ஆயத்தம் என்பது ஒருவரையொருவர் அறிந்திருத்தலில் தொடங்குகிறது.

சன்னற் கண்ணாடியில் நாடா ஒட்டினால் போதும் என்பது பலரிடம் வேரூன்றிய எண்ணம். அது கண்ணாடியைக் காப்பதில்லை. காத்தோம் என்ற நிறைவை மட்டுமே தருகிறது. உறுதியான பலகையோ கதவோதான் காக்கும். நம் ஆன்மீக வாழ்விலும் இத்தகைய நாடாக்கள் எத்தனை என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

எல்லாவற்றினும் கடினமான ஆயத்தம், விட்டுச் செல்லத் துணிதல். சூறாவளியில் உயிர் பறிப்பது பெரும்பாலும் காற்றன்று, நீரே. அமெரிக்காவில் 1963 முதல் 2012 வரை அட்லாண்டிக் சூறாவளிகளால் நேரடியாக மாண்டவர்களுள் பத்தில் ஒன்பது பங்கினர் நீரினால் மாண்டவர்கள். அவருள்ளும் ஏறக்குறையப் பாதிப்பேர் கரைமீறிய கடலுக்கு இரையானவர்கள். எனவே வெளியேறச் சொல்லும் அறிவிப்பு வரும்போது 'இது என் வீடு, இங்கேயே சாவேன்' என்பது வீரமாகத் தோன்றலாம். ஆனால் அப்படித் தங்குபவர் தம் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை. தம்மைத் தேடி வரவிருக்கும் மீட்பரின் உயிரையும், தம்மை விட்டுப் பிரிய மனமில்லாத குழந்தையின் உயிரையும் சேர்த்தே வைக்கிறார். வீட்டின்மீது கொண்ட பற்று, வீட்டாரின்மீது கொண்ட அன்பை வென்றுவிடலாகாது.

புயல் ஓய்ந்தபின் வரும் அமைதி மிகவும் ஏமாற்றக்கூடியது. 2017 செப்டம்பர் 20 அன்று போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கிய மரியா சூறாவளியில் இறந்தவர்கள் 64 பேர் என்றே முதலில் அரசு அறிவித்தது. அதன்பின் நடந்த ஆய்வின் அடிப்படையில், 2018-இல் அக்கணக்கு 2,975 ஆக உயர்த்தப்பட்டது. அவர்களுள் மிகப் பலர் காற்று வீசிய நாளில் இறக்கவில்லை. மின்சாரமும் மருத்துவமும் குடிநீரும் அற்றுக் கிடந்த வாரங்களிலும் மாதங்களிலும் சிறுகச் சிறுக மாண்டனர். பேரிடரின் பெரும்பகுதி செய்தித்தாள்கள் திரும்பிச் சென்றபின் நிகழ்கிறது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அந்நாட்களில் ஓர் இல்லத்திற்கு வேண்டிய பண்பு பொறுமை. தேங்கிய நீரில் இறங்காதிருத்தல். அதனுள் அறுந்த மின்கம்பியோ கழிவோ இருக்கக்கூடும். விரைந்து ஓடும் நீர் அரையடி ஆழமேயாயினும் ஓர் ஆளை வீழ்த்திவிடும். நீர் தூயதென்று அறிவிக்கப்படும்வரை நன்கு கொதிக்க வைத்தே பருகுதல். மின்சாரமின்றி நான்கு மணி நேரத்திற்கு மேல் குளிர்பதனப் பெட்டியில் கிடந்த இறைச்சி, மீன், பால் ஆகியவற்றை மனமிரங்காமல் எறிந்துவிடுதல். ஈரமான கூரைமீது தனியே ஏறாதிருத்தல். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளும் தாழ்வாரத்திலும் இயக்கலாகாது. இருபது அடிக்கு அப்பால், திறந்த வெளியில், சன்னல்களை நோக்காதவாறு வைத்தல் வேண்டும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. 2020-இல் லூசியானாவைத் தாக்கிய லாரா சூறாவளியில், காற்றுக்கும் நீருக்கும் தப்பிய பலர் இந்நஞ்சினால் உறக்கத்திலேயே மாண்டனர். இழந்த வசதியை உடனே மீட்டுவிட வேண்டும் என்ற அவசரம் உயிரையே விலையாகக் கேட்கிறது.

இதுவரை ஓர் இல்லத்தின் சுவர்களுக்குள் நின்று சிந்தித்தோம். உண்மையான அறச் சிக்கலோ சுவருக்கு வெளியே தொடங்குகிறது. நாம் சேர்த்து வைத்தது யாருக்காக?

விவிலியத்தில் சேர்த்து வைத்தவர் இருவரை நாம் காண்கிறோம். ஒருவர் யோசேப்பு, ஏழு வள ஆண்டுகளில் தானியத்தைச் சேமித்து, பஞ்சம் வந்தபோது எகிப்தையும், தம்மை விற்ற சகோதரர்களையும் பிழைக்க வைத்தவர். மற்றவன் உவமையில் வரும் செல்வன்; களஞ்சியங்களை இடித்துப் பெரிதாக்கி, தன் நெஞ்சோடு தானே பேசி மகிழ்ந்தவன். இருவருமே முன்னோக்கிப் பார்த்தவர்கள், இருவருமே சேமித்தவர்கள். ஒருவர் ஞானி எனவும் மற்றவன் அறிவிலி எனவும் அழைக்கப்பட்டதற்குக் காரணம், களஞ்சியத்தின் அளவன்று. அதன் கதவு எத்திசையில் திறந்தது என்பதே.

இங்கே ஒரு தடை எழலாம். பத்துக் கன்னியர் உவமையில், ஆயத்தமாயிருந்த ஐவர் தம் எண்ணெயைப் பகிர மறுத்தனரே. அவர்கள் குறைகூறப்படவும் இல்லையே! அப்படியாயின், ஆயத்தம் செய்யாத அயலாருக்கு நம் குடிநீரை மறுக்க நமக்கு உரிமை உண்டா? இவ்வுவமை நீரையும் அரிசியையும் பற்றியதன்று என்பதே நம் கருத்து. ஒருவர் தமக்காகத் தாமே விழித்திருக்க வேண்டிய விழிப்பை மற்றவருக்குக் கடனாகத் தர முடியாது. எண்ணெய் அதனையே குறிக்கிறது. ஆனால் அதே நற்செய்தியின் அதே அதிகாரத்தின் இறுதியில், தாகமுற்றோருக்குத் தண்ணீர் கொடுத்தோமா என்பதே தீர்ப்பின் கேள்வியாக நிற்கிறது. நீரைப் பகிரலாம், பகிரவும் வேண்டும்.

மேலும், ஆயத்தம் செய்யாதவர் எல்லாரும் சோம்பேறிகள் அல்லர். 2005 ஆகஸ்ட் 29 அன்று காத்ரீனா சூறாவளி கரையைக் கடந்து, நியூ ஆர்லியன்ஸ் நகரின் கரைகள் உடைந்து, ஐந்தில் நான்கு பங்கு நகரம் மூழ்கியபோது, வெளியேறாமல் அகப்பட்டவர்களைப் பலர் பழித்தனர். வெளியேறக் கார் வேண்டும். அந்நகரில் காரில்லாத ஏழைகள் பல்லாயிரவர். பயணத்திற்குப் பணம் வேண்டும். அதுவோ மாதக் கடைசி. லூசியானாவில் இறந்தவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் 75 வயதைத் தொட்டவர்கள் அல்லது கடந்தவர்கள். புகலிடங்களில் வளர்ப்புப் பிராணிகளைச் சேர்க்காததால் தம் நாயை விட்டுவர மனமின்றி நின்றவர்களும் உண்டு. 2006-இல் இதற்கெனவே அங்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. முன்மதியைச் செயற்படுத்துவதற்கும் வசதி வேண்டும். அவ்வசதி இல்லாதவரைப் பார்த்து 'நீ ஏன் ஆயத்தமாகவில்லை' என்று கேட்பது அறமன்று.

2017-இல் இர்மா சூறாவளி கடந்தபின், புளோரிடாவின் ஹாலிவுட் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் குளிரூட்டி மின்சாரமின்றி நின்றது. வெப்பத்தில் வாடிய முதியவர்களுள் பன்னிருவர் இறந்தனர். மின்சாரம் இருந்த மருத்துவமனை எதிர்த்தெருவிலேயே இருந்தது. இறந்தவர்களுக்கும் உதவிக்கும் இடையே இருந்தது ஒரு சாலை. நல்ல சமாரியன் உவமையில் வருவதும் ஒரு சாலைதான்.

இதற்கு மாறாக, நம் வங்கக் கடல் ஒரு நம்பிக்கையையும் தருகிறது. அட்லாண்டிக்கின் சூறாவளியும் வங்கக் கடலின் புயலும் இயற்கையில் ஒன்றே, பெயர்தான் வேறு. 1970 நவம்பரில் இன்றைய வங்காளதேசத்தைத் தாக்கிய புயலில் 3 லட்சத்திற்கும் மிகுதியான மக்கள் மாண்டனர். 1972-இல் அங்கே ஊர்தோறும் தன்னார்வலரை அமர்த்தி, கொடியேற்றியும் ஒலிபெருக்கியில் கூவியும் வீடு வீடாய் எச்சரிக்கும் ஏற்பாடு தொடங்கியது, புகலிடங்கள் எழுந்தன. 2007-இல் கடுமையான சிதர் புயல் வந்தபோது இறந்தோர் சுமார் 3,400 பேர். அதுவும் பெரும் துயரமே. எனினும் ஏழை நாடொன்று காப்பாற்றிய உயிர்கள் எத்தனை லட்சம்! அம்மக்கள் செல்வராகிவிடவில்லை, ஒருவருக்கொருவர் காவலராயினர்.

நம் குமரிக் கரை மக்களோ 2017 நவம்பர் 30-ஐ மறக்கவில்லை. ஒக்கி புயலின் எச்சரிக்கை வந்தபோது, ஆழ்கடல் மீனவர்கள் பல நாள் தொலைவில் இருந்தனர்; செய்தி அவர்களை எட்டவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான குடும்பங்கள், அவருள் நம் பங்குகளைச் சேர்ந்தோர் மிகப் பலர், தம்மவரை இழந்தனர். மிகத் தொலைவில் இருப்பவரை எட்டாத எச்சரிக்கை, எச்சரிக்கையாகாது என்ற பாடத்தை அவர்களுடைய கண்ணீர் நமக்கு எழுதி வைத்துள்ளது.

ஆகவே, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு நாம் விடை கூறலாம். ஆயத்தம் நம்பிக்கைக் குறைவன்று. எனினும் தன் வீட்டோடு முடியும் ஆயத்தம் அன்புக் குறைவாகும். செய்யக்கூடியதைச் செய்து முடித்தபின், நம் அறிவுக்கும் சுவருக்கும் எல்லை உண்டென்று உணர்ந்து இறைவனிடம் ஒப்படைப்பதே நம்பிக்கை. அந்த எல்லைவரை நடவாமலே ஒப்படைக்கிறோம் என்பது சோம்பல். அந்த எல்லையையே மறுப்பது செருக்கு.

ஐப்பசியும் கார்த்திகையும் நம் கரைகளுக்குப் புயல் மாதங்கள். அவை வருமுன்னர் நம் அன்பியக் கூட்டமொன்றில், செபமாலை முடிந்தபின், அரைமணி நேரம் இதற்கென ஒதுக்கலாகாதா? நம் தெருவில் தனித்து வாழும் முதியவர் எவர், படுக்கையில் கிடப்பவர் எவர், கைக்குழந்தையோடு ஓலைக் கூரையின்கீழ் இருப்பவர் எவர் என்று பெயர் குறித்து, இன்னாரை இன்னார் அழைத்து வருவது என்று முடிவு செய்வோம். பங்கின் பள்ளிக் கட்டடத்தின் திறவுகோல் இரவில் யாரிடம் இருக்கும் என்பதையும் கேட்டு வைப்போம். நம் வீட்டுக் குடத்தில் நீர் நிரப்பும்போது, அடுத்த வீட்டுக்கென ஒரு குடம் கூடுதலாக நிரப்புவோம்.